பிள்ளையின் இடுப்பு மூட்டு



புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் வரையில் வாழும் மக்களின் வாழ்க்கை பெரும்பாலும் நிலத்தோடு ஒட்டிய வாழ்க்கையாகும். வலையின் கிழிசலைச் சீர்செய்பவர் மணலில் அமர்ந்தே அதனைச் செய்கிறார். உப்பளத்தில் வேலை செய்பவர் நாள் முழுவதும் குனிந்து நிமிர்கிறார். கருவாட்டுக்கு மீன் கீறும் பெண் குந்தியிருந்தே கீறுகிறாள். தொழுகையில் இஸ்லாமியர் நெற்றியை நிலத்தில் வைக்கின்றனர். தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தில் கத்தோலிக்கர் முழந்தாட்படியிடுகின்றனர். முன்னேசுவரத்திலும் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலும் இந்துக்கள் நிலத்தில் விழுந்து வணங்குகின்றனர். உண்பதும் உறங்குவதும் பல வீடுகளிற் பாயிலேயே நிகழ்கின்றன. இவையனைத்தும் உடம்பிலுள்ள ஒரு மூட்டின் தயவினால் நடைபெறுகின்றன. அதுவே இடுப்பு மூட்டு. அந்த மூட்டுப் பத்து வயதிலோ பதினைந்து வயதிலோ வாதத்தினால் இறுகிப்போகுமானால் அப்பிள்ளைக்கு என்ன நேரும்? அதற்குச் சத்திரசிகிச்சை எவ்வளவு தூரம் உதவும்? இவ்விரு கேள்விகளையே இன்றைய பேச்சிற்கு எடுத்துக்கொள்கின்றேன்.

முதலில் அம்மூட்டின் அமைப்பை நோக்குவோம். இடுப்பெலும்பின் இரு பக்கங்களிலும் கிண்ணம் போன்ற ஒவ்வொரு குழி உண்டு. தொடையெலும்பின் உச்சி பந்து போலத் திரண்டு அக்குழிக்குட் பொருந்தியிருக்கின்றது. சிரட்டைக்குள் ஒரு பந்து இருந்து சுழல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். இளநீர்க் காயின் சிரட்டையை உள்ளே வழுக்கை மூடியிருப்பதுபோல, குழியையும் பந்தையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கின்றது. மூட்டைச் சுற்றியுள்ள பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வொன்று உண்டு. அது சிறிதளவு நீரைச் சுரந்து, எண்ணெயிட்ட அச்சுப் போல மூட்டை இயங்கச் செய்கின்றது. மூட்டுவாதம் முதலிலே தாக்குவது இச்சவ்வைத்தான். சவ்வு வீங்கித் தடித்து நீரை மிகுதியாகச் சுரக்கும். பின்னர் குருத்தெலும்பின் மேலே படர்ந்து அதனை அரிக்கத் தொடங்கும். அரிக்கப்பட்ட குருத்தெலும்பு மீண்டும் வளர்வதில்லை. இந்த ஓர் உண்மையிலிருந்தே இனி நான் சொல்லப்போவன யாவும் பிறக்கின்றன.

"வாதம் கிழவர்க்கன்றோ வரும்?" என்று கேட்போர் பலர். 1897 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சிறுவர் வைத்தியரான ஜோர்ஜ் பிரெடரிக் ஸ்டில் என்பவர், சிறுவரிடத்திற் காணப்படும் நாட்பட்ட மூட்டு நோயொன்றைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். வளர்ந்தோரின் வாதமும் இதுவும் எல்லா வகையிலும் ஒன்றல்ல என்று அவர் காட்டினார். அன்று முதல் நெடுங்காலம் அவர் பெயராலேயே அந்நோய் வழங்கிற்று. இன்று அதன் பல வகைகளையும் சேர்த்து, காரணம் அறியப்படாத இளம்பிராய மூட்டுவாதம் என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. பதினாறு வயது நிறைவதற்கு முன் தொடங்கி, ஆறு வாரங்களேனும் நீடித்து, வேறு காரணம் எதுவும் காணப்படாத மூட்டழற்சியே இப்பெயர் பெறும். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி நெறி தவறி, உடம்பின் சொந்த மூட்டுக்களையே தாக்குவதால் இது விளைகின்றது. தாய் உண்ட உணவாலோ, பிள்ளை கடலிற் குளித்ததாலோ, எவருடைய கண்ணூறாலோ வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று.

இடுப்பு மூட்டு மிக ஆழத்தில் இருப்பதால், முழங்காலைப் போல அதன் வீக்கம் வெளியே தெரியாது. ஆகவே அடையாளங்களை அறிந்துவைத்தல் அவசியம். காலையில் எழுந்ததும் பிள்ளை விறைப்பாக நடந்து, வெயில் ஏற ஏறச் சற்று இலகுவாக நடக்கும். சப்பாணி கட்டி இருக்க மறுக்கும். சப்பாத்தும் காலுறையும் தானே போடமாட்டாது. ஓடிய பிள்ளை ஓட்டத்தை விட்டுவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. இடுப்பு மூட்டின் நோவு பல வேளைகளில் முழங்காலிலேயே உணரப்படும். இரு மூட்டுக்களுக்கும் ஒரே நரம்பிலிருந்து கிளைகள் செல்வதே அதற்குக் காரணம். பிள்ளை முழங்காலைக் காட்டி அழும். பெற்றோர் முழங்காலுக்கு எண்ணெய் பூசுவர். நோயோ மேலே இடுப்பில் வளர்ந்துகொண்டிருக்கும். முழங்கால் நோவென்று வரும் எப்பிள்ளைக்கும் இடுப்பைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது வைத்திய மாணவர்க்குக் கற்பிக்கப்படும் பழைய பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்ப்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தோமஸ் என்னும் எலும்பு வைத்தியர் இதற்கொரு எளிய சோதனையைத் தந்தார். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, நல்ல காலை மடித்து வயிற்றோடு சேர்க்கவேண்டும். மற்றக் கால் படுக்கையிற் படியாமல் தானாகவே மடிந்து எழும்புமானால், அந்த இடுப்பு இறுகத் தொடங்கிவிட்டது என்பது பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். நொண்டும் பிள்ளைகள் எல்லார்க்கும் வாதம் என்று எண்ணிவிடுதல் தவறு. கடுங்காய்ச்சலுடன் ஒரு குழந்தை காலை அசைக்கவொட்டாமல் வீரிட்டு அழுமானால், மூட்டுக்குட் சீழ் கட்டியிருக்கக்கூடும். அது அன்றைக்கே கவனிக்கப்படவேண்டிய ஆபத்து. மூட்டைத் திறந்து சீழை அகற்றிக் கழுவித் தகுந்த மருந்தை நரம்பின் வழியே ஏற்றவேண்டும். தாமதமானால் சில நாட்களிலேயே பந்தெலும்பு அழியத் தொடங்கிவிடும். இதற்கு மாறாக, காசநோய்க் கிருமி இடுப்பைத் தாக்கும்போது நோய் மாதக் கணக்கில் மெல்ல நகரும், பிள்ளை மெலியும், நித்திரையில் திடுக்கிட்டு அலறும். இவையன்றிப் பந்தெலும்புக்கு இரத்தம் குறைவதாலும், வளரும் பருவத்தில் அதன் தலை நழுவுவதாலும் நொண்டல் வரலாம். எது எதென்று பிரித்தறிவது இரத்தச் சோதனை, எக்ஸ்கதிர்ப் படம் முதலியவற்றைக் கொண்டு வைத்தியர் செய்யவேண்டிய வேலை. நம் நாட்டு முறிவு நெரிவு வைத்தியர்கள் கைராசியுள்ளவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இது முறிவுமன்று, நெரிவுமன்று. அழற்சி கொண்ட மூட்டை அழுத்தி உருவுவதாலும் இழுத்துக் கட்டுவதாலும் தீமையே விளையும்.

நோய் மூட்டுவாதம் என்று உறுதியாயிற்று எனக் கொள்வோம். அப்போது முதலிடம் சத்திரசிகிச்சைக்கன்று, மருந்துக்கே உரியது. முன்னாளில் அஸ்பிரினும் ஸ்டெரொயிட் மருந்துகளுமே வைத்தியர் கையில் இருந்தன. ஸ்டெரொயிட் நோவைத் தணிக்கும். ஆனால் நீண்டகாலம் மிகுதியாகக் கொடுத்தால் எலும்பை நலிவித்து வளர்ச்சியைத் தடுக்கும். மெதொட்ரெக்ஸேற் என்னும் மருந்தை வாரத்துக்கு ஒருமுறை சிறு அளவிற் கொடுப்பதன் பயனை, அமெரிக்காவும் அன்றைய சோவியத் நாடும் சேர்ந்து நடத்திய ஆய்வொன்று நிறுவியது. அதன் முடிவு 1992 இல் வெளியாயிற்று. 1999 இல் எட்டனர்செப்ட் என்னும் உயிரியல் மருந்து இந்நோயுள்ள சிறுவர்க்கு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இவற்றின் பயனாக, முன்பு சக்கர நாற்காலியில் முடங்கியிருக்கக்கூடிய பல பிள்ளைகள் இன்று நடந்து பள்ளிக்கூடம் போகின்றனர். சத்திரசிகிச்சை வேண்டிய பிள்ளைகளின் தொகையும் குறைந்துவருகின்றது.

மருந்தோடு பயிற்சியும் சேரவேண்டும். இடுப்பு எப்போதும் மடிந்த நிலையிலேயே இறுகும் இயல்புடையது. ஆகவே நாள்தோறும் சிறிது நேரம் பிள்ளையைப் பாயிற் குப்புறப் படுக்கவைத்தல் மிக நல்லது. காசு செலவில்லாத வைத்தியம் இது. நீச்சலும் சிறந்த பயிற்சி. நீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால், நிலத்தில் அசைக்க முடியாத மூட்டும் நீரில் அசையும். புத்தளம் களப்பின் ஆழமற்ற நீர் அருகிலிருக்கையில், பெரியவர் ஒருவரின் துணையோடு பிள்ளையை அதில் இறக்கலாம். இன்னும் ஒன்று: இந்நோய் சில பிள்ளைகளின் கண்ணினுள்ளும் சந்தடியின்றி அழற்சியை உண்டாக்கும். கண் சிவக்காது, நோகாது. பார்வை மாத்திரம் மெல்லக் குறையும். ஆதலால் குறித்த தவணைகளிற் கண் வைத்தியரிடமும் காட்டுதல் வேண்டும்.

இனிச் சத்திரசிகிச்சைக்கு வருவோம். மருந்தும் பயிற்சியும் போதாதவிடத்து, நோயின் படிக்கேற்பச் சத்திர வைத்தியர் வெவ்வேறு வழிகளைக் கையாளுவர்.

முதற்படியில் குருத்தெலும்பு இன்னும் கெடவில்லை. தசைநார்கள் மாத்திரம் சுருங்கி இறுகியிருக்கின்றன. அப்போது தொடையின் உட்புறத்திலும் இடுப்பின் முன்புறத்திலுமுள்ள நார்களை வெட்டித் தளர்த்தலாம். இது ஒப்பளவிற் சிறிய சிகிச்சை. நோவைக் குறைத்துக் காலை நீட்டச் செய்யும். ஆயினும் சிகிச்சைக்குப் பின் பயிற்சியைக் கைவிட்டால் பழைய நிலையே திரும்பும். வீங்கித் தடித்த சவ்வை அகற்றும் சிகிச்சையும் உண்டு. மருந்துகள் சிறந்துவிட்ட இக்காலத்தில் அதன் தேவை அருகிவிட்டது. எலும்பை வெட்டித் திசை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை, வேறு சில இடுப்பு நோய்களுக்குப் பெரிதும் உதவுவதாயினும், வாதத்தினால் முழுதும் கெட்ட மூட்டுக்கு அத்துணைப் பயன் தருவதில்லை.

மூட்டை அசையாமல் ஒட்டிவைத்துவிடுதல் இன்னொரு பழைய வழி. நோவு போய்விடும், ஆனால் அசைவும் போய்விடும். ஓர் இடுப்பு மாத்திரம் கெட்டு, மற்ற மூட்டுக்கள் எல்லாம் நன்றாயிருக்கும் உழைப்பாளி ஒருவர்க்கு அது பொருந்தலாம். மூட்டுவாதமோ பெரும்பாலும் இரண்டு இடுப்புக்களையும், முழங்கால்களையும் சேர்த்தே பிடிப்பது. இரண்டையும் ஒட்டிவைத்தால் அப்பிள்ளை இருப்பது எப்படி, எழுவது எப்படி?

காசத்தாலும் சீழாலும் கெட்ட இடுப்புக்களைப் பற்றி இந்தியாவிலே ஒரு முக்கியமான சிந்தனை எழுந்தது. கெட்டுப்போன பந்தெலும்பை வெட்டி நீக்கிவிட்டு, அவ்விடத்தை வெறுமையாக விடும் சிகிச்சையொன்றை ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த கேடில்ஸ்டோன் என்னும் சத்திர வைத்தியர் முன்னர் பரப்பியிருந்தார். கால் சிறிது குட்டையாகும், நடையும் தளம்பும், ஆனால் மூட்டு அசையும். வாரணாசியைச் சேர்ந்த பேராசிரியர் துலியும் அவருடைய துணைவரும் இச்சிகிச்சை பெற்றோரை ஆராய்ந்து 1981 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாற்காலியில் வாழும் மேனாட்டவர்க்கு ஒட்டிவைத்த இடுப்புப் பொறுக்கக்கூடியதாயிருக்கலாம். நிலத்திற் குந்தியும் சப்பாணி கட்டியும் வாழும் நம்மவர்க்கோ, தளம்பினாலும் மடங்குகின்ற இடுப்பே ஏற்றது என்பது அவர்கள் கண்ட நியாயம். ஒரு சிகிச்சையின் நன்மை தீமையை, அதனைப் பெறுபவரின் வாழ்க்கை முறையை வைத்தே அளக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. உடப்புக் கரைவலைத் தொழிலாளிக்கும் இலண்டன் எழுதுவினைஞருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

கடைசி வழி, மூட்டு முழுவதையும் மாற்றி வைத்தல். இதன் வரலாற்றிலே நாம் கவனிக்கத்தக்க ஒரு செய்தியுண்டு. 1938 ஆம் ஆண்டில் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பிலிப் வைல்ஸ் என்பவர், துருப்பிடியா உருக்கினாற் செய்த குழியையும் பந்தையும் முதன்முதலாக மனித இடுப்பிற் பொருத்தினார். அவர் அதனைச் செய்தது முதியோர்க்கன்று. ஸ்டில் நோயினால் முடங்கிய ஆறு பேருக்கு. பிள்ளைப்பருவத்தில் தொடங்கிய வாதத்தின் கொடுமையே இம்முயற்சிக்கு முதற் தூண்டுகோலாயிற்று. அவர் பொருத்திய மூட்டுக்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. உலகப் போரும் குறுக்கிட்டது.

பின்னர் ஜோன் சார்ண்லி என்னும் ஆங்கிலேயர் அப்பணியைத் தொடர்ந்தார். முதலில் அவர் குழிக்கு டெப்லன் என்னும் வழுவழுப்பான பொருளைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, தேய்வுத் துகள்கள் சுற்றியுள்ள தசையைப் புண்ணாக்கின. ஏறத்தாழ முந்நூறு நோயாளர்க்கு வைத்தவை பயனற்றுப்போயின. அவர் அத்தோல்வியை மறைக்கவில்லை. புதிதாகக் கிடைத்த பொலிஎதிலீன் என்னும் பொருளின் துகளையும் டெப்லன் துகளையும் தம் தொடையிலேயே ஊசியால் ஏற்றி, எது தீமை செய்கின்றது என்று பார்த்தார். 1962 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் அப்பொருளாலான முதற் குழியைப் பொருத்தினார். இன்று உலகெங்கும் செய்யப்படும் இடுப்பு மாற்றுச் சிகிச்சை அதன் வழிவந்ததே.

சார்ண்லி இச்சிகிச்சையை முதியோர்க்கே உரியதாகக் கருதினார். இளைஞர் ஓடியாடி அதனை விரைவில் தேய்த்துவிடுவர் என்று அஞ்சினார். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் மறுபக்கமும் உண்டு. பதினாறு வயதுப் பெண்பிள்ளையை நோக்கி, "நாற்பது வயதாகட்டும், பார்ப்போம்" என்று சொன்னால், இடையிலுள்ள ஆண்டுகளை அவளுக்கு யார் திருப்பித் தருவர்? படிப்பும் தொழிலும் மணவாழ்வும் அமையும் காலம் அதுவன்றோ? இங்கிலாந்தில் சிறுவர் வாத நோய்க்கென்றே உழைத்த பார்பரா அன்செல் என்னும் பெண் வைத்தியரும், ஆர்டன் என்னும் சத்திர வைத்தியரும் இக்கேள்வியை நேர்நின்று எதிர்கொண்டனர். இளம்பிராய வாதமுடையோர்க்கு இடுப்பு மூட்டை மாற்றியதன் பயனை அவர்கள் 1972 இல் வெளியிட்ட கட்டுரை, வைத்திய உலகின் மனத்தை மாற்றத் துணைசெய்தது. தாங்கமுடியாத நோவும் முடக்கமும் இருக்குமானால் வயது மாத்திரம் தடையாகாது என்பதே இன்றைய கொள்கை. கூடுமானவரை எலும்பின் வளர்ச்சி முடிந்தபின் செய்வது நலம். வாத நோயுள்ள பிள்ளைகளில் அவ்வளர்ச்சி முன்னதாகவே முடிந்துவிடுவதும் உண்டு.

இச்சிகிச்சையில் இளையோர்க்கென்று தனியான இடர்ப்பாடுகள் சில உள. அவர்களின் எலும்பு சிறியது, மெல்லியது. அளவெடுத்துச் செய்த மூட்டு வேண்டிவரலாம். நோயினாற் கழுத்து இறுகியும் கீழ்த்தாடை வளராமலும் இருந்தால், மயக்கமருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாய் வைப்பது கடினம். ஆகவே மயக்க மருந்து நிபுணர் முன்கூட்டியே பிள்ளையைப் பார்த்தல் அவசியம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை உண்பதால் கிருமி தொற்றும் ஆபத்தும் உண்டு. வலுவூட்டப்பட்ட பொலிஎதிலீனும், மட்பாண்ட வகையான செராமிக் பந்துகளும் வந்துள்ளமையால் இக்கால மூட்டுக்கள் முன்னையிலும் நீண்டகாலம் உழைக்கின்றன. எனினும் இருபது வயதில் மூட்டு மாற்றியவர், வாழ்நாளில் மீண்டும் ஒருமுறையேனும் அதனைப் புதுப்பிக்கவேண்டி வரும் என்று எண்ணிக்கொள்வதே நேர்மை.

செயற்கை மூட்டோடு வாழ்வது எப்படி? நோவின்றி நடக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம், பஸ் படியில் ஏறலாம், மணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். ஆனால் ஆழக் குந்தியிருத்தலைப் பெரும்பாலான சத்திர வைத்தியர் தடுப்பர். பந்து குழியைவிட்டு விலகிவிடக்கூடும் என்பதே காரணம். சப்பாணி கட்டி இருப்பதைப் பற்றி அவரவர் வைத்தியரைக் கேட்டே நடக்கவேண்டும். வீட்டுக்கு இருந்தெழும் வகையான மலகூடம் வேண்டும். பாயை விட்டுக் கட்டிலும், பலகையை விட்டுக் கதிரையும் வேண்டும். நோயாளி கதிரையில் இருந்தபடி தொழுவதற்கு இஸ்லாம் இடமளிக்கின்றது. ஏனைய சமயத்தாரும் நின்றோ இருந்தோ வணங்குவதில் குறையொன்றுமில்லை. கரைவலையின் கயிற்றை இழுத்தலும், பாரமான உப்பு மூட்டையைச் சுமத்தலும் அவர்க்கு உரிய தொழில்களல்ல. ஆதலால் அப்பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடுதல், காலை இழந்ததிலும் பெரிய இழப்பாகும். உடலுழைப்பில்லாத தொழிலொன்றைக் கற்பதற்குப் படிப்பே அவர்க்குத் துணை.

இறுதியாகப் பெற்றோர்க்குச் சில சொற்கள். பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் மீன்பிடி வாடிகளில் வாழ்வோர்க்கு வைத்தியரிடம் போவதென்றால் படகேறவேண்டும். கரையிலிருப்போர்க்கும் புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். ஒருநாள் வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய கூலி இல்லை. இவற்றை அறியாமல் நான் பேசவில்லை. ஆயினும் இந்நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம் என்பது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. நொண்டல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அருகிலுள்ள வைத்தியசாலையிற் காட்டி, புத்தளம் அல்லது சிலாபம் பெரிய வைத்தியசாலைக்கும், வேண்டுமானால் கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் கடிதம் பெற்றுச் செல்லுங்கள். காய்ச்சலோடு காலை அசைக்காத பிள்ளையையோ அன்றைக்கே கொண்டுசெல்லுங்கள். சத்திரசிகிச்சை என்று வைத்தியர் கூறினால், என்ன சிகிச்சை, ஏன் இப்போது, செய்யாவிட்டால் என்ன, செயற்கை மூட்டை வைத்தியசாலை தருமா, வெளியே வாங்கவேண்டுமா, ஜனாதிபதி நிதியத்தின் உதவிக்கு இடமுண்டா என்று தயங்காமற் கேளுங்கள். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளையாயின் அதனையும் அருகிருத்திப் பேசுங்கள். காலும் அதனுடையது, இனி வாழவேண்டிய ஆண்டுகளும் அதனுடையவை.

பிள்ளை காலையில் விறைத்து நடந்தால் "சோம்பல்" என்று கடியாதீர்கள். இரவில் முழங்காலைப் பிடித்து அழுதால் "வளரும் நோவு" என்று வாளாவிருந்துவிடாதீர்கள். சத்திரவைத்தியரின் கத்தி எவ்வளவு திறமையுடையதாயினும், போன குருத்தெலும்பை அது மீட்டுத் தராது. காலத்தோடு வந்த பிள்ளைக்கு மருந்தே போதியதாகலாம். காலங்கடந்து வந்த பிள்ளைக்கும் வழியுண்டு, ஆனால் அது நீண்ட வழி.